சொந்த ஊரில் 'ரஞ்சி' இல்லாத டெஸ்ட் அணி: அயர்லாந்து வீரர்கள் எங்கே ஆடிப் பழகுகிறார்கள்?

உங்களுக்கு 39 வயது. உங்கள் துறையில் கிட்டத்தட்ட 20 வருட அனுபவம், எல்லோரும் மதிக்கிற பெயர். ஆனால் எந்த வேலைக்காகச் சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டீர்களோ, அந்த வேலையில் இன்றுதான் முதல் நாள். அதுவே கடைசி வாரமும்கூட. எப்படி இருக்கும்?

எட் ஜாய்ஸுக்கு அப்படித்தான் நடந்தது. 2018 மே மாதம் டப்ளின் பக்கத்தில் உள்ள மாலஹைட் மைதானத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக அயர்லாந்து தன் முதல் டெஸ்ட்டை ஆடியது. தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய ஜாய்ஸ் அதற்குள் முதல்தர கிரிக்கெட்டில் 18,000 ரன்களுக்கு மேல் குவித்திருந்தார், 47 சதங்கள். டெஸ்ட் கணக்கில் மட்டும் பூஜ்யம். முதல் இன்னிங்ஸில் 4, இரண்டாவதில் 43. அந்த மாதமே ஓய்வை அறிவித்துவிட்டார். ஒரே டெஸ்ட், அவ்வளவுதான்.

"பாவம், லேட்டா வந்துச்சு" என்று நாம் உச்சுக்கொட்டலாம். ஆனால் இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது வேறு. ஜாய்ஸ் அந்த 18,000 ரன்களை அயர்லாந்தின் உள்ளூர்ப் போட்டிகளில் அடிக்கவில்லை. பெரும்பாலானவை இங்கிலாந்தில், மிடில்செக்ஸ், சசெக்ஸ் கவுன்ட்டி அணிகளுக்காக அடித்தவை. அவருக்கு டெஸ்ட் வாய்ப்பைக் கொடுத்த அதே அந்தஸ்துதான், அவருக்குப் பின்னால் வரும் அயர்லாந்துப் பையன்களுக்கு அந்தக் கவுன்ட்டிக் கதவைச் சாத்தியது. அது எப்படி என்று பார்ப்போம்.

முதலில், 'முதல்தர' கிரிக்கெட் என்றால் என்ன?

பேரைப் பார்த்து 'தரமான கிரிக்கெட்' என்று நினைத்துவிட வேண்டாம். இது ஒரு முத்திரை. இன்று ஐசிசி என்கிறோமே, அந்த அமைப்பு 1947ல் இதற்கு விளக்கம் வகுத்தது. போட்டி 3 நாளோ அதற்கு மேலோ நடக்க வேண்டும், இரு தரப்பிலும் 11 பேர் இருக்க வேண்டும், அணிகளின் தரத்தைப் பார்த்து அதிகாரபூர்வமாக அங்கீகரித்திருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனைதான் முக்கியம். நீங்களும் நானும் நண்பர்களைச் சேர்த்து 4 நாள் ஆடினால் அது முதல்தரம் ஆகாது. டெஸ்ட், ரஞ்சி டிராபி, துலீப் டிராபி, இங்கிலாந்தின் கவுன்ட்டி சாம்பியன்ஷிப் எல்லாம் ஆகும்.

இந்த முத்திரை எவ்வளவு கறாரானது என்பதற்கு அயர்லாந்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 1969 ஜூலை 2ஆம் தேதி, சயான் மில்ஸ் என்ற சின்ன ஊரில் வெஸ்ட் இண்டீஸை அயர்லாந்து 25 ரன்னுக்குச் சுருட்டியது. ஒரு கட்டத்தில் ஸ்கோர் 9 விக்கெட்டுக்கு 12. அயர்லாந்து கிரிக்கெட்டில் இன்றைக்கும் பேசப்படும் நாள் அது. ஆனால் ஒரு நாள் ஆட்டம் என்பதால் முதல்தரப் பட்டியலில் அதற்கு இடமில்லை. அதே பட்டியலில் நாடக ஆசிரியர் சாமுவேல் பெக்கெட் இருக்கிறார்! கல்லூரி நாட்களில் டப்ளின் பல்கலைக்கழகத்துக்காக 1925, 1926ல் நார்தாம்ப்டன்ஷயருடன் ஆடிய இரண்டு ஆட்டங்களுக்கு முதல்தர அந்தஸ்து இருந்தது. மொத்தம் 35 ரன்தான் எடுத்தார். ஆனால் 1969ல் நோபல் பரிசு வாங்கியபோது, முதல்தர கிரிக்கெட் ஆடிய ஒரே நோபல் பரிசாளர் ஆனார். (வெஸ்ட் இண்டீஸ் 25க்கு ஆல் அவுட் ஆனதும் அதே வருடம். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை!)

சரி, ஒரு வீரருக்கு இந்த முதல்தரப் போட்டிகள் ஏன் தேவை? இந்தியாவிலிருந்தே பாருங்கள். ரஞ்சியில் 38 அணிகள் இருக்கின்றன. எலைட் பிரிவில் ஆடும் ஒரு தமிழ்நாட்டு வீரருக்கு லீக் சுற்றில் மட்டும் 7 போட்டி கிடைக்கும். ஒரு சுழற்பந்து வீச்சாளர் மூன்றாம் நாள் மதியம், பந்து பழசாகி, தோள் வலிக்கும்போது 30ஆவது ஓவரை எப்படி வீசுவது என்று அங்கேதான் கற்றுக்கொள்கிறார். டி20ல் அவருக்கு 4 ஓவர்தான். நெட்ஸில் எவ்வளவு வீசினாலும் அந்தக் களைப்பும் அந்த அழுத்தமும் வராது. டெஸ்ட் என்பது பரீட்சை என்றால், இது வருடம் முழுக்க நடக்கும் வகுப்பு.

அயர்லாந்துக்காரர்களின் வகுப்பறை இங்கிலாந்து

அயர்லாந்துக்கும் முதல்தர கிரிக்கெட்டுக்கும் உள்ள உறவு புதுசில்லை. 1902ல் இங்கிலாந்து போய், டபிள்யூ.ஜி.கிரேஸின் லண்டன் கவுன்ட்டி அணியை அயர்லாந்து தோற்கடித்திருக்கிறது. அதற்குப் பிறகு ஏன் வளரவில்லை என்றால், அரசியல் ஒரு பெரிய காரணம். கிரிக்கெட்டை 'ஆங்கிலேயன் விளையாட்டு' என்று பார்த்தார்கள். கேலிக் கால்பந்து, ஹர்லிங் ஆட்டங்களை நடத்தும் ஜிஏஏ அமைப்பு, தன் உறுப்பினர்கள் கிரிக்கெட் போன்ற 'அந்நிய' ஆட்டங்களை ஆடவும் பார்க்கவும் 1971 வரை தடை வைத்திருந்தது. இந்தியாவில் அதே ஆங்கிலேயன் விளையாட்டை நாம் எப்படி நம்முடையதாக்கிக்கொண்டோம் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

அதனால் திறமையுள்ள பையனுக்கு ஒரே வழிதான் இருந்தது: இங்கிலாந்துக்குக் கவுன்ட்டி ஆடப் போவது. டப்ளின், பெல்ஃபாஸ்ட், டெர்ரியிலிருந்து லண்டன் ஒரு குட்டி விமானப் பயணம்தான். அயர்லாந்துக்காரர்கள் அங்கே வெளிநாட்டு வீரராகக் கணக்கில் வரமாட்டார்கள், உள்ளூர் ஆள் மாதிரிதான். ஜாய்ஸ், இயான் மோர்கன், பால் ஸ்டிர்லிங் மூவருமே மிடில்செக்ஸில் ஆடியவர்கள். வருடம் முழுக்க முதல்தர ஆட்டம், மாதச் சம்பளம், நல்ல பயிற்சியாளர்கள். அதற்கெல்லாம் அயர்லாந்து வாரியம் ஒரு பைசா செலவழிக்க வேண்டியதில்லை.

ஆனால் இதில் ஒரு பொறி இருந்தது. டெஸ்ட் ஆட ஆசைப்பட்டால் இங்கிலாந்து சட்டையைத்தான் போட வேண்டும். 2007 உலகக் கோப்பையில் டப்ளின்காரரான ஜாய்ஸ், அயர்லாந்துக்கு எதிராக இங்கிலாந்துக்காக இறங்கினார். அவரை போல்டாக்கியவர் அயர்லாந்தின் பாய்ட் ராங்கின். 2011ல் ஜாய்ஸ் திரும்பி வந்து அயர்லாந்துக்கு ஆடினார். ராங்கினோ பிறகு இங்கிலாந்துப் பக்கம் போய், 2014 ஜனவரியில் சிட்னியில் ஒரு டெஸ்ட் ஆடி, மறுபடி அயர்லாந்துக்கே வந்து, மாலஹைட் டெஸ்ட்டிலும் ஆடினார். மோர்கன் திரும்பவே இல்லை. 2019ல் உலகக் கோப்பையைத் தூக்கிய இங்கிலாந்து கேப்டன் அவர்தான். இவர்களைத் 'துரோகி' என்று திட்டியவர்களும் உண்டு. ஆனால் சொந்த ஊரில் அந்தப் பதவியே இல்லாதபோது, இருக்கிற இடத்துக்குப் போனவரை எப்படிக் குறை சொல்வது? நம்மில் எத்தனை பேர் சொந்த ஊரில் வேலை இல்லாமல் பெங்களூருவுக்கும் ஹைதராபாத்துக்கும் போனோம்!

இதற்கிடையே இன்னொரு களமும் இருந்தது. 2004ல் ஐசிசி தொடங்கிய இன்டர்கான்டினென்டல் கோப்பை. அயர்லாந்து, கென்யா, ஸ்காட்லாந்து, ஆப்கானிஸ்தான் போன்ற சிறிய அணிகளுக்காகவே நடந்த பல நாள் முதல்தரத் தொடர் அது. அயர்லாந்து அதை 4 முறை வென்றது. 2007ல் பாகிஸ்தானை வீழ்த்தியதும், 2011ல் பெங்களூரில் கெவின் ஓ'பிரையன் 50 பந்தில் சதமடித்து இங்கிலாந்தின் 327 ரன்னைத் துரத்திப் பிடித்ததும் நமக்கு ஞாபகம் இருக்கும். டெஸ்ட் ஆடத் தகுதி உண்டு என்ற வாதத்துக்கு உண்மையான அடித்தளம் போட்டது யாரும் டிவியில் பார்க்காத இந்தக் கோப்பைதான்.

2017: எல்லாம் சேர்ந்து வந்த வருடம்

சொந்தமாக ஒரு 'ரஞ்சி' வேண்டும் என்று 2013ல் அயர்லாந்து தன் மாகாணத் தொடரைத் தொடங்கியது. லென்ஸ்டர் லைட்னிங், நார்தர்ன் நைட்ஸ், நார்த் வெஸ்ட் வாரியர்ஸ் என்று மூன்றே அணிகள். அதற்கு 2017 சீசனிலிருந்து முதல்தர அந்தஸ்து கிடைத்தது. அதே வருடம் ஜூன் 22ஆம் தேதி லண்டனில் கூடிய ஐசிசி, அயர்லாந்தையும் ஆப்கானிஸ்தானையும் முழு உறுப்பினர்களாக்கியது. 11ஆவது, 12ஆவது டெஸ்ட் நாடுகள்.

மூன்று அணி ஒன்றோடொன்று இரண்டு முறை மோதினால் ஒரு வீரருக்குக் கிடைப்பது 4 போட்டி. கம்மிதான். ஆனால் கவுன்ட்டி ஒப்பந்தம் கிடைக்காதவருக்கு அந்த நாலும் பெரிய விஷயம். பஞ்சாபில் பிறந்து, ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்க டப்ளின் போன சிமி சிங், லென்ஸ்டர் அணி வழியாகத்தான் மேலே வந்தார். 2021ல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 100 ரன் எடுத்து, ஒருநாள் போட்டியில் 8ஆவது இடத்தில் இறங்கிச் சதமடித்த முதல் வீரர் ஆனார்.

சரி, அப்போ பிரச்சனை எங்கே வந்தது?

அயர்லாந்து முழு உறுப்பினர் ஆனதும் இங்கிலாந்தின் விதி மாறியது. ஒரு கவுன்ட்டி அணி இத்தனை வெளிநாட்டு வீரர்களைத்தான் களமிறக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. அயர்லாந்து இப்போது தனி டெஸ்ட் நாடு, எனவே அயர்லாந்துக்கு ஆடும் வீரர் இனி வெளிநாட்டு வீரர். 2019 சீசன் வரை அவகாசம் இருந்தது. அதற்கு மேல் நாடா, கவுன்ட்டியா என்று முடிவெடுத்தாக வேண்டும்.

கவுன்ட்டி நிர்வாகியின் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். கையில் இருப்பது ஒன்றிரண்டு வெளிநாட்டு இடம். அதை ஓர் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளருக்குக் கொடுப்பீர்களா, 21 வயது டப்ளின் பையனுக்கா?

முர்டாவின் 13 ரன்

டிம் முர்டா லண்டனில் பிறந்தவர். மிடில்செக்ஸின் நம்பர் ஒன் பந்துவீச்சாளர். வேகம் பெரிதாகக் கிடையாது, ஆனால் லார்ட்ஸ் மைதானத்தின் சரிவை அவரைப் போலப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் குறைவு. முதல்தரத்தில் 900 விக்கெட்டுக்கு மேல் எடுத்த மனிதர், குடும்ப வேர் வழியாக அயர்லாந்துக்கு ஆடினார்.

2019 ஜூலையில் அதே லார்ட்ஸில் அயர்லாந்து இங்கிலாந்தைச் சந்தித்தது. உலகக் கோப்பையை இங்கிலாந்து வென்று 10 நாள்தான் ஆகியிருந்தது. முதல் நாள் மதிய உணவுக்கு முன்பே இங்கிலாந்து 85க்கு ஆல் அவுட். முர்டா 13 ரன் கொடுத்து 5 விக்கெட். வருடக்கணக்காகக் கவுன்ட்டிப் பந்து வீசிச் சேர்த்த அனுபவம் மொத்தமும் அந்தக் காலையில் வெளியே வந்தது.

அதே போட்டியின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். ஜெயிக்க 182 தேவை என்ற நிலையில் அயர்லாந்து 38க்குச் சுருண்டது. ஒருவருக்கு ஆயிரக்கணக்கான ஓவர் அனுபவம் இருந்தது. அணிக்கு, நகரும் பந்தை நாள் முழுக்க எதிர்கொண்ட பழக்கம் இல்லை.

அந்த நவம்பரிலேயே முர்டா சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து விலகினார். வயது 38. இன்னும் சில வருடம் மிடில்செக்ஸில் நிச்சயமான வேலை ஒரு பக்கம், எப்போது வரும் என்றே தெரியாத அடுத்த டெஸ்ட் மறுபக்கம். அவர் மிடில்செக்ஸைத் தேர்ந்தெடுத்து 2023 வரை ஆடினார். ஸ்டிர்லிங் எதிர்ப்பக்கம் போனார், மிடில்செக்ஸை விட்டுவிட்டு அயர்லாந்து. இரண்டு முடிவிலும் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அடுத்த டெஸ்ட் எப்போது வந்தது தெரியுமா? 2023 ஏப்ரல். கிட்டத்தட்ட 4 வருடம் கழித்து!

வகுப்பே நடக்காமல் பரீட்சை

அந்த 4 வருடத்தில் இன்னும் இரண்டு கதவு மூடியிருந்தது. இன்டர்கான்டினென்டல் கோப்பை 2017 டிசம்பரோடு முடிந்து, மீண்டும் நடத்தப்படவில்லை. மாகாண முதல்தரத் தொடர் 2019க்குப் பிறகு கோவிட்டில் நின்றது. கோவிட் போனது, டி20யும் 50 ஓவரும் திரும்பி வந்தன, இது மட்டும் வரவில்லை.

2023ல் மிர்பூரில் வங்கதேசத்துடன் இறங்கிய அணியில் பலருக்கு அதுதான் முதல் டெஸ்ட். பிறகு இலங்கையின் காலே. அங்கே நடந்ததைப் பாருங்கள்: முதல் டெஸ்ட்டில் இலங்கை 6 விக்கெட்டுக்கு 591, டிக்ளேர். இரண்டாவதில் 3 விக்கெட்டுக்கு 704, டிக்ளேர். இரண்டு டெஸ்ட்டிலும் சேர்த்து அயர்லாந்துப் பந்துவீச்சாளர்கள் எடுத்தது 9 விக்கெட். ஏப்ரல் வெயிலில், திரும்பாத பழைய பந்தோடு, நாள் முழுக்க!

ஆனால் அந்த இரண்டாவது டெஸ்ட்டில் அயர்லாந்து முதல் இன்னிங்ஸில் 492 எடுத்தது. ஸ்டிர்லிங் 103, கர்டிஸ் கேம்பர் 111. ஆக, பேட்டர்கள் எப்படியோ சமாளித்துவிட்டார்கள். பேட்டிங்கில் ஒரு நல்ல நாள் அமைந்துவிடலாம். 20 விக்கெட் எடுப்பது அப்படி அமையாது. அதற்கு உடம்பும் கையும் பழகியிருக்க வேண்டும், பழகப் போட்டி வேண்டும்.

அந்த நேரத்தில் அயர்லாந்தின் பெயர்பெற்ற வேகப்பந்து வீச்சாளர் ஜோஷ் லிட்டில் எங்கே இருந்தார்? நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். ஏலத்தில் ரூ.4.4 கோடிக்குப் போன அவர், குஜராத் டைட்டன்ஸுக்கு ஐபிஎல் ஆடிக்கொண்டிருந்தார். அயர்லாந்து வாரியமே அனுமதித்து அனுப்பியது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

பணம் இல்லையா, மனசு இல்லையா?

பணம்தான் பெரிய காரணம். ஐசிசியின் 2024–27 வருமானப் பங்கீட்டில் இந்தியாவுக்கு சுமார் 38.5%, அயர்லாந்துக்கு சுமார் 3% என்று செய்திகள் வந்தன. ஆப்கானிஸ்தான், ஜிம்பாப்வேயின் நிலைமையும் ஏறக்குறைய இதுவே. அயர்லாந்தில் நிரந்தர கிரிக்கெட் ஸ்டேடியமே கிடையாது. பெரிய போட்டி என்றால் கிளப் மைதானத்தில் தற்காலிக கேலரி போட வேண்டும், முடிந்ததும் பிரிக்க வேண்டும். நம்ம ஊர்த் திருவிழாப் பந்தல் மாதிரி. டெஸ்ட் என்றால் அந்த வாடகை 5 நாளைக்கு. வருமானம் அந்த அளவுக்கு வராது. 2020ல் நடக்க வேண்டிய வங்கதேச டெஸ்ட்டையும் 2025ல் ஆப்கானிஸ்தானுடன் திட்டமிட்ட டெஸ்ட்டையும் வாரியம் காசில்லை என்றே கைவிட்டது.

உள்ளூர் முதல்தரப் போட்டிக்கு டிக்கெட் வருமானமும் இல்லை, டிவி பணமும் இல்லை. ஹோட்டல், பிட்ச், நடுவர், சம்பளம் எல்லாம் செலவுக் கணக்கு மட்டும்தான். டி20 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறாவிட்டால் அடி விழும் என்பதால், இருக்கிற பணம் வெள்ளைப் பந்துக்கே போகிறது. கணக்குப் பார்த்தால் புரிகிற முடிவுதான். ஆனால் ஐசிசியின் பங்கை நான் இதில் சின்னதாக நினைக்கவில்லை. ஒரு நாட்டுக்கு டெஸ்ட் அந்தஸ்து கொடுத்த கையோடு, அந்த நாடு ஆடிப் பழகிய கோப்பையைத் தொடராமல் விட்டது எந்தக் கணக்கு? உங்கள் ஆபீசில் ஒருவரை மேனேஜராக்கிவிட்டு, அவருடைய டீமையும் பட்ஜெட்டையும் எடுத்துவிட்டால் அதற்கு என்ன பேர் வைப்பீர்கள்?

அப்புறம் எப்படி ஜெயித்தார்கள்?

இதுதான் இந்தக் கதையில் எதிர்பாராத திருப்பம். 2024 மார்ச் 1ஆம் தேதி அபுதாபியில் ஆப்கானிஸ்தானை 6 விக்கெட்டில் வீழ்த்தி அயர்லாந்து முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. அவர்களுக்கு அது 8ஆவது டெஸ்ட். இந்தியாவின் முதல் வெற்றி 1952ல் நம்ம சேப்பாக்கத்தில் கிடைத்தபோது அது நமக்கு 25ஆவது டெஸ்ட். நியூசிலாந்து 45ஆவது வரை காத்திருந்தது. அபுதாபியில் 20 விக்கெட்டையும் எடுத்தார்கள், முதல் இன்னிங்ஸில் மட்டும் மார்க் அடேருக்கு 5. பிறகு 2024 ஜூலையில் பெல்ஃபாஸ்ட்டிலும் 2025 பிப்ரவரியில் புலவாயோவிலும் ஜிம்பாப்வேயை வென்றார்கள். முதல் 10 டெஸ்ட்டில் 3 வெற்றி, அதுவும் தொடர்ச்சியாக.

'அப்போ முதல்தரத் தொடர் இல்லாமலே ஜெயிக்கலாம் போலிருக்கே' என்று கேட்கலாம். எதிரணிகளைக் கவனியுங்கள். மூன்றுமே ஏறக்குறைய சம நிலையில் உள்ள அணிகளுக்கு எதிரான வெற்றி. தோற்ற 7ல் ஆப்கானிஸ்தானிடம் தோற்ற ஒன்றைத் தவிர, மற்றவை பாகிஸ்தான், இங்கிலாந்து, இலங்கை, வங்கதேசத்திடம். பிறகு ஆண்டி மெக்பிரைனைப் பாருங்கள்.

மெக்பிரைன் ஜாய்ஸுக்கு நேர் எதிர். நார்த் வெஸ்ட் வாரியர்ஸ் தயாரிப்பு. ஆஃப் ஸ்பின் போடுவார், கீழே இறங்கி பேட்டும் செய்வார். 2019ல் டேராடூனில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக டெஸ்ட்டில் அறிமுகம். காத்திருந்து காத்திருந்து, 2023ல் மிர்பூரில் ஒரே இன்னிங்ஸில் 6 விக்கெட். அதே வருடம் லார்ட்ஸில் ஆட்டமிழக்காமல் 86. பெல்ஃபாஸ்ட்டில் 158 தேவை என்ற துரத்தலில் அயர்லாந்து 5 விக்கெட்டுக்கு 21 என்று தவித்தபோது லோர்கன் டக்கர் 56 எடுத்தார், மெக்பிரைன் 55 எடுத்துக் கடைசி வரை நின்றார். புலவாயோவில் மறுபடி ஆட்டமிழக்காமல் 90.

கவுன்ட்டிப் படிப்பு இல்லாத ஒருவர் டெஸ்ட்டில் இவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அவர் சாட்சி. அதே நேரம் அவர் மாகாணத் தொடர் முதல்தரமாக நடந்த அந்தச் சில சீசன்களில் ஆடிப் பழகிய தலைமுறை. 1993ல் பிறந்தவர். அந்த சீசன்கள் நின்ற பிறகு கிரிக்கெட்டுக்கு வந்த பையன்களுக்கு அந்த நாலு போட்டியும் கிடைக்கவில்லை.

2030 டி20 உலகக் கோப்பையை இங்கிலாந்து, ஸ்காட்லாந்துடன் சேர்ந்து அயர்லாந்தும் நடத்துகிறது. அதற்காக டப்ளினின் அபட்ஸ்டவுனில் நிரந்தர ஸ்டேடியம் கட்ட அயர்லாந்து அரசு 2024 ஆகஸ்டில் ஒப்புதல் கொடுத்தது. முதல் கட்டத்தில் சுமார் 4,000 பேர் உட்காரலாம். பந்தல் போட்டுப் பிரிக்கும் செலவு மிச்சமாகும். அந்த மிச்சம் சிவப்புப் பந்துக்குப் போகுமா என்பதை மெக்பிரைனுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் பையன்கள் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.